சத்தம் போகிற இடம்

கருங்காட்டுப்பாளையத்தில் சத்தம் போகாமல் நின்றுபோன வருஷத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் இன்றைக்குப் போய்க் கேட்டால், அதென்ன பெரிய விஷயம், அதே வருஷம் நூல் விலை ஏறினதைக் கேளுங்கள், மாரியம்மன் நோம்பி தள்ளிப்போனதைக் கேளுங்கள் என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அது விசைத்தறி ஊர். விடிந்ததிலிருந்து அடுத்த விடியல் வரைக்கும் தடக்கு தடக்கென்று தறி ஓடுகிற ஊர். அந்தச் சத்தத்திலேயே பிறந்து, அந்தச் சத்தத்திலேயே தாலி கட்டி, அந்தச் சத்தத்திலேயே பாடையில் போகிறவர்கள் அவர்கள். கரண்டு போய்த் தறி நின்றால்தான் அந்த ஊர்க் கைக்குழந்தைகள் திடுக்கென்று முழித்துக்கொண்டு அழும். தறிப் பட்டறைக்குள்ளே வாயால் பேசுகிற வேலையே கிடையாது. இரண்டு விரலைச் சுழற்றினால் தாரில் நூல் தீர்ந்துவிட்டது, கன்னத்தில் கை வைத்தால் ஷிப்ட் முடிந்தது, காது மடலைச் சொறிந்தால் முதலாளி வருகிறார். மீதியை எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் சத்தம் போகாமல் நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது? பல நாள் யாருக்கும் தெரியவில்லை.

மாசத்துக்கு ஒருநாள் கரண்டு ஆபீஸில் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அந்த நாள் வந்தது, கரண்டு நின்றது, தறி நின்றது, நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா பாதி வழியில் அப்படியே நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவரவர் காதுதான் இரைகிறதென்று நினைத்துக்கொண்டு எல்லாரும் வெளியே வந்து பீடி பற்றவைத்தார்கள். டீக்கடைச் சென்னியப்பன் கைதவறிக் கண்ணாடித் தம்ளரைப் போட்டுவிட, அது ஒருதரம் உடைந்துவிட்டுப் பேசாமல் கிடக்காமல், பாய்லரடியில் சிலீர் சிலீரென்று உடைந்துகொண்டே இருந்த பிறகுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இரண்டு எட்டு தள்ளி நின்றால் கேட்கவில்லை, கிட்டத்தில் போனால் கேட்டது. துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டின பிறகும், விழுந்த இடத்தில் உடைகிற சத்தம் இருந்தது. சென்னியப்பன் பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு அடுத்த டீயை ஆற்றினான்.

காரணத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், அது சின்னதுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது சேர்ந்ததும், ஒவ்வொரு பிள்ளையும் அறிவியலில் தனக்கு இருக்கிற ஒரு சந்தேகத்தையும் தன் லட்சியத்தையும் எழுந்து நின்று சொல்ல வேண்டும், அதைச் சார்ட்டில் எழுதி ஒட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. பிள்ளைகளா ஏமாறுகிறவர்கள்? பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்விகளில், விடை தெரிந்த கேள்வியாகப் பார்த்துச் சந்தேகம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். லட்சியம் டாக்டர், கலெக்டர், போலீஸ். அங்கமுத்து மகள் சுபிக்ஷாவின் முறை வந்தது. அவள் எழுந்து நின்று, காதைப் பற்றிப் படிக்க வேண்டும், அதற்குப் பதினொன்றாவதில் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க வேண்டும், அதுதான் லட்சியம் என்றாள். பிறகு சந்தேகத்தைக் கேட்டாள்.

"சத்தம் நின்னதுக்கு அப்புறம் எங்க போகுதுங்க டீச்சர்?"

கலாராணி டீச்சர் கெட்டவர் இல்லை. போர்ஷன் முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தவர். அது பாடத்தில் இல்லை, வேறே ஏதாவது சொல்லு என்று கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டார். எங்கே போவதென்று யாரும் சொல்லாத காரணத்தினால், அந்த நிமிஷத்திலிருந்து சத்தம் எங்கேயும் போகவில்லை. முதலில் நின்றது அவள் கேள்விதான். மூன்றாவது பெஞ்சுக்கு மேலே, அவள் எழுந்து நின்ற உயரத்தில், அவள் குரலிலேயே அது கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாள் எதிரொலி என்று நினைத்தார்கள். பிறகு அந்தப் பெஞ்சைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அம்மா துளசிமணி கல்யாணமாகி வந்த மறுவாரமே குப்பண்ணன் பட்டறையில் தறிக்கு நின்றவள். சுபிக்ஷா வயிற்றில் இருந்தபோதும் நின்றவள். முதலில் வலது காது போனது. பிறகு இடது காதும் போக ஆரம்பித்து, எண்ணெய்ச் சீசாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசிச் சொட்டு மாதிரி ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை அவள் வேறெதற்கும் செலவழிப்பதில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும், லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வாள். சுபிக்ஷா அந்த இடது காதில் பாடம் படிப்பாள். ஒளி விலகல், மின்னோட்டம், தாவரத்தின் உடல் அமைப்பு, எதுவும் துளசிமணிக்குப் புரியாது. ஆனால் மகள் குரல் கேட்கிறது, அது போதும் அவளுக்கு. இத்தனை வருஷமாக அம்மாவுக்குள் போன தறிச்சத்தம் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று அங்கே உட்கார்ந்துதான் அந்தப் பெண் யோசிக்க ஆரம்பித்தாள்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதுதான் பெரிய கதை. வேறு ஊராக இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். இவர்கள் பட்டறைக்குள் பேசுகிற கைப்பேச்சைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். கடையில் பருப்பு வாங்குவது கையால், பொண்ணு கேட்பது கையால், பஸ்ஸில் டிக்கெட் வாங்குவது கையால். காய்கறிக்காரர் தெருவுக்கு ஒருதரம் கூவிவிட்டுப் போனதோடு சரி, அதற்கப்புறம் தினமும் வந்து பேசாமல் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் போதும், கூவல் ஏற்கெனவே அங்கே இருந்தது. குழந்தை அழுத இடத்தில் மறுபடி அதைத் தூங்கவைக்க முடியாதென்று தொட்டில்களை விட்டம் விட்டமாக மாற்றிக் கட்டினார்கள். குழாயடியில் இரண்டு பெண்கள் போட்ட சண்டை அப்படியே நின்றுபோய், அவர்கள் சமாதானமாகிச் சம்பந்தியும் ஆன பிறகும், தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வசவைக் கேட்டுக்கொண்டுதான் குடம் நிறைத்தார்கள். தறி முதலாளி குப்பண்ணனோ பட்டறை வாசலில் நின்று "வேலையப் பாருங்கப்பா" என்று ஒரே ஒருதரம் சொல்லிவிட்டு மேஸ்திரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அட, அதற்கும் ஊர் பழகிக்கொண்டது.

பழகிக்கொண்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதை வைத்து ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். ராக்கியப்பன் ஏதோ நல்ல மனசில் இருந்தபோது வரப்புத் தென்னையடியில் நின்று, மரத்தை நீயே வைத்துக்கொள்ளடா என்று தம்பியிடம் சொல்லிவிட்டான். காய் பிடித்ததும் நான் சொல்லவில்லை என்றான். ஊர்க்கூட்டம் மரத்தடிக்குப் போய் ஒவ்வொருத்தராகத் தலையை நீட்டிக் கேட்டது. சொல் நின்றுகொண்டிருந்தது. ராக்கியப்பன் பதறிப்போய் இல்லை இல்லை என்று கத்த, அதுவும் பக்கத்திலேயே நின்றது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது? கூட்டத்துக்குப் பெரியவராக இருந்த குப்பண்ணன்தான் தீர்த்துவைத்தார்: முதலில் நின்ற சொல்தான் சொல், பின்னால் வருவதெல்லாம் மழுப்பல், சொல் நிற்கிறவரைக்கும் அது செல்லும். ரொம்ப நியாயம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து நின்ற சொல்லை மீறுகிறவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதென்று ஆனது.

இந்தச் சட்டத்தில்தான் சுபிக்ஷாவின் தலை மாட்டியது. அரையாண்டுப் பரீட்சையில், எதிரொலி என்றால் என்ன என்ற கேள்விக்குப் புத்தகத்தில் இருக்கிற நாலு வரியை எழுதித் தொலைப்பதை விட்டுவிட்டு, அந்தப் பெண் இரண்டு பக்கத்துக்குத் தன் யோசனையை எழுதினாள். சுவரில் பட்டுத் திரும்புகிறது சரி, திரும்பாதது எங்கே போகிறது, சுவருக்குள் இருக்கிறதா, இருந்தால் சுவர் என்றைக்காவது நிறையுமா, நிறைந்தால் என்ன ஆகும் என்று கேள்விக்குப் பதிலாகக் கேள்வியாகவே எழுதிவைத்தாள். நேரம் போய்விட்டது. மற்ற கேள்விகள் பாதிக்கு மேல் அப்படியே நின்றன. மார்க்கு மோசமாக வந்தது.

அங்கமுத்து சாது. மகளைக் கை நீட்டி அடிக்காதவன். ஆனால் அன்றைக்குத் தறியில் பாவு நூல் அறுந்து அறுந்து உயிரை வாங்கியிருந்தது. இரண்டு ஷிப்ட் சேர்த்து நின்றுவிட்டு வந்தவன், அடுப்பங்கரையில் குனிந்து டீ எடுக்கும்போது மகள் மார்க்கு அட்டையை நீட்ட, பார்த்தான். கையால் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"பத்தாவதோட போதும். லீவு உட்டதும் தறிக்கு வந்துரு."

சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். விடிந்து எழுந்து வந்தால் அடுப்புக்கு மேலே தன் குரல் தன்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஓடிவந்து குனிந்து, நீ படி கண்ணு, நான் சும்மா சொன்னேன் என்று அதே இடத்தில் சொன்னான். அதுவும் நின்றது, ஆனால் இரண்டாவதாக நின்றது. லைன் வீடு என்பது ஒரே அறை, அடுப்பு வாசலை ஒட்டி இருக்கும். உப்பு கேட்டு வந்தவள் கேட்டாள், தீப்பெட்டி கேட்டு வந்தவள் கேட்டாள், பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. துளசிமணி பட்டறையில் இருந்த நேரமாகப் பார்த்துக் குப்பண்ணன் தாமே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து கேட்டார். மகளுக்கென்று சுவரோரமாக, காற்று வருகிற பக்கமாகப் பார்த்து இரண்டு தறி ஒதுக்கிவைக்கிறேன் என்று கையால் சொன்னார். நல்ல மனுஷன்தான், அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போகலாம்.

ஊருக்கே தெரிந்த விஷயம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியாது. துளசிமணி தினமும் அந்தச் சொல்லுக்கு அடியில் உட்கார்ந்துதான் சோறாக்கினாள். அவளுக்கு மிச்சம் இருந்த காதுக்கு அது எட்டவே இல்லை. புருஷனும் மகளும் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவள் பாட்டுக்கு, டவுன் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவதுக்கு யூனிஃபார்ம் என்ன கலர் என்று கையால் கேட்பாள். காதைத் தொட்டு, புத்தகத்தைத் தொட்டு, மகள் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பாள். சுபிக்ஷாவுக்குச் செத்துவிடலாம் போல இருக்கும்.

சாவதற்கு முன்னால் எதையாவது செய்து பார்க்க வேண்டாமா? புத்தகத்தில் மெத்தென்ற பொருள்கள் ஒலியை உட்கவரும் என்று ஒரு வரி இருந்தது. அம்மா வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, பட்டறையிலிருந்து கழிவுப்பஞ்சைப் பாவாடையில் அள்ளிவந்து அடுப்புக்கு மேலே மூட்டையாகக் கட்டிவிட்டாள். சொல் பஞ்சுக்குள்ளிருந்து கேட்டது. ஈரச்சாக்கைத் தொங்கவிட்டாள், சாக்குக்குள்ளிருந்து கேட்டது. புகையைப் போட்டாள், விசிறிவிட்டாள், ஓட்டைப் பிரித்து ஆகாசத்துக்கு வழி காட்டினாள், பெரிய அண்டாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். தறிக்கு வந்துரு, தறிக்கு வந்துரு என்று அண்டா அதிர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பள்ளிக்கூடம் விட்டபிறகு டீச்சரிடம் போய், தன் கேள்விக்கு அடியிலேயே நின்று, எங்கே போகுமென்று தெரிந்தால் அங்கே அனுப்பிவிடுவேன், சொல்லுங்க டீச்சர் என்று கையாலேயே கேட்டுக் கும்பிட்டாள். கலாராணி டீச்சர் அந்தக் கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பிறகு வாயைத் திறந்து சொன்னார்.

"எனக்குத் தெரியாது, சுபிக்ஷா."

அதுவும் கேள்விக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வந்தால் என்ன செய்வது என்று டீச்சருக்குக் கவலையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் சொன்னதற்கு அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் சுபிக்ஷா யோசிப்பதை விட்டுவிட்டாள். கேள்விக்குக் கேள்வி எழுதுவதை விட்டுவிட்டு, புத்தகத்தில் இருக்கிறதைப் புள்ளி மாறாமல் உருப்போட ஆரம்பித்தாள். மார்க்கு வந்தால் ஏதாவது வழி பிறக்குமென்று ஒரு நப்பாசை. வழி எங்கிருந்து பிறக்கும் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

யோசிப்பதை விட்டவளுக்கு ஒருநாள் சாயங்காலம் தானாகவே ஒன்று கண்ணில் பட்டது. துவைக்கிற கல்லில் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு அமைதி இங்கே என்று நினைத்தாள். நினைத்தவள் எழுந்துவிட்டாள். வருஷம் முழுக்கத் தினமும் அவள் பாடம் படித்த இடம் அது. ஊர் வழக்கப்படி பார்த்தால் அந்தக் கல்லைச் சுற்றிப் பாடம் கும்பல் கும்பலாக நின்றுகொண்டிருக்க வேண்டும். ஒரு வரி இல்லை.

கல்தான் இழுத்துக்கொள்கிறது போல என்று முதலில் நினைத்தாள். ராத்திரி யாரும் இல்லாத நேரம் பார்த்து, கல்லில் உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள். நின்றது. மறுநாள் பகலிலும் நின்றது. அப்படியென்றால் கல் இல்லை. கிணற்றடிப் பூவரசு இல்லை, தண்ணித்தொட்டி இல்லை, புத்தகம் இல்லை, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் துளசிமணி வந்து கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அங்கே ஏதோ இருக்கிற மாதிரி இடது காதைச் சாய்த்தாள். லேசாகச் சிரித்தாள். சுபிக்ஷா குனிந்து கேட்டாள். அவள் பெயர் அந்த இடத்தில் இல்லை.

ஊரில் எத்தனையோ பேர் நின்ற சத்தத்தைக் கேட்டார்கள், யாருக்குள்ளும் அது போகவில்லை. அம்மாவுக்குள் மட்டும் போகிறது, வருஷக்கணக்காகத் தறிச்சத்தத்தை உள்ளே வாங்கித் தேய்ந்த காது அது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்த நேரத்துக்குக்கூட நிலைக்கவில்லை. வருஷ ஆரம்பத்தில் தான் எங்கே உட்கார்ந்து படித்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். கல்லின் அந்தப் பக்கம். பிறகு அம்மாவின் பக்கத்தில். பிறகு தோளில் தாடையை வைத்துக்கொண்டு. இப்போது உதடு காதுத் தோட்டில் படுகிறது, அப்படிப் படித்தால்தான் அம்மா தலையாட்டுகிறாள். தறிதான் காதைத் தின்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். தறி பாதி, அவள் படித்த பாடம் மீதி. உள்ளே போகிற ஒவ்வொரு சத்தமும் போகிற போக்கில் காதில் ஒரு துளியைக் கையோடு கொண்டுபோய்விடுகிறது. சத்தம் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அந்தப் பெண் பூவரசைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையும் அங்கேயே நின்றது. அது அம்மா போகாத இடம் என்பதால் விட்டுவிட்டாள்.

அடுப்பங்கரைச் சொல்லை எப்படிப் போக்குவது என்று இப்போது அவளுக்குத் தெரியும். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினால் போதும். ஆனால் அது பாடம் இல்லை, நாள்தோறும் ஊர் முழுக்கக் கேட்டுக் கனத்துப்போன சொல். இருக்கிற கடைசித் துளியையும் வழித்துக்கொண்டு போய்விடும். படிப்பா அம்மா காதா என்று இரண்டு நாள் அல்லாடினாள். அம்மா காதுக்காகப் படிக்க நினைத்த படிப்பு, அதை அம்மா காதை விற்றா வாங்குவது? மூன்றாம் நாள் தறிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தாள். சாயங்காலப் படிப்பையும் நிறுத்தினாள். துளசிமணி கல்லில் உட்கார்ந்து தோட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். தொண்டை கட்டிக்கொண்டது என்று மகள் கையால் பொய் சொன்னாள். அப்புறம் பரீட்சைக்கு மனசுக்குள்தான் படிக்க வேண்டும் என்று இன்னொரு பொய். துளசிமணி வற்புறுத்தவில்லை. ஆனாலும் தினமும் அந்த நேரத்துக்குக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள்.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்தது. அறிவியலில் நூற்றுக்கு நூறு, அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரைக்கும் யாரும் வாங்காதது. அங்கமுத்து செல்போனை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். தோள் குலுங்கியது. மறுநாள் காலையில் குப்பண்ணன் ஆப்பிள் பையோடு வந்தார். மார்க்குக்கு வாழ்த்து சொல்லிவிட்டு, திங்கட்கிழமை நல்ல நாள், அன்றைக்கே தறியில் நிற்கட்டும் என்று கையால் சொன்னார். அங்கமுத்து அவர் காலில் விழாத குறையாகக் கையைப் பிசைந்து, பிள்ளை நூறு வாங்கியிருக்கிறதுங்களே என்று காட்டினான். குப்பண்ணனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சங்கடத்தில் அவர் கையை மறந்துவிட்டு வாயால் பேசிவிட்டார்.

"நானா அங்கமுத்து வேண்டாங்கறேன்? உன்ற சொல்லு அடுப்புக்கு மேல நிக்குதேப்பா. எனக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?"

மூலையில் முறத்தில் கண்ணை வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த துளசிமணி அப்போதுதான் நிமிர்ந்தாள். தறிக்காரிக்குக் காது போனாலும் கண் போகாது. குப்பண்ணன் உதட்டை ஒன்றுவிடாமல் படித்துவிட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள், அவன் தலையைத் தொங்கப்போட்டான். மகளைப் பார்த்தாள். ஏன் சாயங்காலப் படிப்பு நின்றது, ஏன் யூனிஃபார்ம் கலரைக் கேட்டால் இந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தாள். காதில் விழுந்து கிடந்த முடியை ஒதுக்கிவிட்டு, தோட்டைத் திருகிக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, இடது காதைச் சாய்த்து அடுப்புக்கு மேலே எங்கே எங்கே என்று துழாவினாள்.

அவள் தன் பாட்டுக்குச் சாயங்காலக் கல்லில் செய்து பழகினதைத்தான் செய்தாள். அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சுபிக்ஷா பாய்ந்து போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். துளசிமணி அடுப்புத் திண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையவில்லை. சொல் கிடைத்துவிட்டது அவளுக்கு. முகம் சுருங்கியது, பல்லைக் கடித்தாள், நெற்றி நரம்பு புடைத்தது. உள்ளே போய்க்கொண்டிருந்தது. மகள் அவள் காதருகே வாயை வைத்து, வருஷம் முழுக்கப் பாடம் படித்த அதே இடத்தில் வைத்து, கத்திவிட்டாள்.

"வேண்டாம்மா! நான் தறிக்கே போறம்மா!"

அதையும் துளசிமணி வாங்கிக்கொண்டாள். அதுதான் கடைசி. பிறகு நிமிர்ந்து, தலையை ஒருதரம் உதறிவிட்டு, உலையைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். குப்பண்ணனைப் பார்த்து, வந்து கேளுங்க என்று கையைக் காட்டினாள்.

குப்பண்ணன் வந்து குனிந்தார். இந்தப் பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் கேட்டார், கொதிக்கிற ஆவி முகத்தில் அடிக்க அடிக்கக் கேட்டார். முதலில் நின்றதும் இல்லை, இரண்டாவதாக நின்றதும் இல்லை, இப்போது கத்தினதும் இல்லை. உலை கொதிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. சட்டம் போட்டவர் அவர்தான். சொல் இல்லையே என்று கையை விரித்துவிட்டு, ஆப்பிள் பையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அங்கமுத்து பெண்டாட்டி பக்கத்தில் போய் அவள் பெயரைச் சொன்னான். இன்னொருதரம் சொன்னான். அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் இரண்டுதரமும் அங்கேயே நின்றது.

டீ.சி. வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்றைக்கு அம்மாவும் கூட வந்தாள். கலாராணி டீச்சர் பத்தாவது வகுப்பில் தனியாக உட்கார்ந்து புது வருஷத்துக்காக வெற்றுச் சார்ட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். இழுத்துப்போட்ட பெஞ்சுக்கு முன்னால் அந்தக் கேள்வி இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, பக்கத்தில் டீச்சரின் பதில். அடுப்பங்கரைக் கதை ஊருக்குள் அரைகுறையாகப் பரவியிருந்தது. சொல்லை எப்படிப் போக்கினீர்கள் என்று குழாயடிச் சம்பந்திகள் கேட்டுவிட்டார்கள், ராக்கியப்பன் கேட்டுவிட்டான், தறிக்குப் போ, கல்யாணம் பண்ணு என்று சொல் நிற்கிற வீட்டுப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். இப்போது டீச்சரும் கேட்டார். விடை தெரிந்துவிட்டதா, தெரிந்தால் இங்கே வந்து சொல்லேன், இந்தக் கேள்வியும் அடங்கட்டும், அடுத்து வருகிற பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும் என்று கையால் கூப்பிட்டார்.

சுபிக்ஷா தன் பழைய இடத்தில் போய் நின்றாள். தன் குரல் தன் காதுக்குப் பக்கத்தில் கேட்டது, போன வருஷத்துக் குரல், கொஞ்சம் சின்னப் பிள்ளைக் குரல். விடையைச் சொன்னால் அது இங்கேயே நிற்கும். நின்றால் வருகிற பிள்ளைகள் எல்லாம் கேட்கும். கேட்ட பிள்ளைகள் வீட்டுக்கு ஓடும். கருங்காட்டுப்பாளையத்தில் எத்தனை அடுப்பு, எத்தனை சொல், தறியில் தேய்ந்த காதில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு எத்தனை அம்மாக்கள். வாசல்படியில் துளசிமணி காலி காதோடு உட்கார்ந்து மகள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுபிக்ஷா உதடு தெரியாதபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கும் தெரியலைங்க டீச்சர்."

அவள் வாழ்க்கையில் வாயால் சொன்ன முதல் பொய் அது, அதுவும் அங்கே நின்றுபோனது. டீச்சர் மேற்கொண்டு கேட்கவில்லை. போன வருஷத்துச் சார்ட்டுகளைக் கழற்றி மேஜையில் அடுக்கி வைத்திருந்தார், அதில் அவளுடையதைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினார். காதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்ததற்குக் கீழே சுபிக்ஷா டீச்சரின் பேனாவை வாங்கி, சத்தம் போக வேறே ஒரு இடம் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதினாள். எழுத்துக்குச் சத்தம் இல்லை என்பது ஒரு நிம்மதி.

வெளியே வந்ததும், உள்ளே என்ன சொன்னாய் என்று அம்மா கையால் கேட்டாள். நன்றாகப் படிக்கிறேன் என்று சொன்னேன் என்று மகள் கையால் சொன்னாள். துளசிமணிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, அன்றைக்குக் கழற்றினதிலிருந்து இடுப்பிலேயே வைத்திருந்த தோட்டை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். காதைத் திருப்பிக் காட்டி, போட்டுவிடச் சொன்னாள். சுபிக்ஷா போட்டுவிட்டாள். போடும்போது பழக்கத்தில் அந்தக் காதுக்குள் அம்மா என்று சொல்லிவிட்டாள். பஸ் வந்தது, இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். அந்த அம்மா மட்டும் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டது.